குரூகர் காட்டுக்குள் நாமே கார் ஓட்டிப் போகலாம்: முழுமையான சஃபாரி வழிகாட்டி

ஆப்பிரிக்க சஃபாரி என்றதும் கூரை திறந்த ஜீப், பக்கத்திலேயே ஒரு கைடு, ஒரு இரவுக்கே பல பத்தாயிரம் கேட்கும் லாட்ஜ் என்றுதான் பலருக்கும் நினைப்பு ஓடும். கென்யாவிலும் தான்சானியாவிலும் பெரும்பாலும் நடப்பது அதுதான். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில் வேறு ஒரு வழி இருக்கிறது. ஒரு சாதாரண வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, வாயிலில் கட்டணம் கட்டிவிட்டு, யானையும் சிங்கமும் திரியும் காட்டுக்குள் நாமே ஓட்டிப் போகலாம். அரசு அமைப்பான சான்பார்க்ஸ் நடத்தும் முகாம்களில் தங்கலாம், நாமே சமைத்துச் சாப்பிடலாம். ஒரு நீர்நிலை ஓரமாக ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றினால் உட்காரலாம். கிளம்பலாம் என்று சொல்ல யாரும் இல்லை. முதல் சஃபாரிக்கு எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் குரூகரைச் சொல்வது இதற்காகத்தான்.

திட்டம் போடுவதற்கு முன் காட்டின் அளவு மனதில் பதிய வேண்டும். 1898ல் சபி காப்புக்காடாகத் தொடங்கி, 1926ல் தேசியப் பூங்காவான இடம் இது. பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். வடக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளம். கிழக்கே மொசாம்பிக், வடக்கே சிம்பாப்வே. உள்ளே தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாடு உண்டு. மிருகங்களுக்காக நின்று நின்று போனால் மணிக்கு 25 கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம். ஆகவே ஒரே பயணத்தில் முழுப் பூங்காவையும் பார்த்துவிடும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

முதல் படி: எந்த மாதம் போவது

மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம், மழையும் இருக்காது. புல் காய்ந்து தாழ்ந்துவிடும், இலை உதிர்ந்து புதர்கள் வெளிறிப்போகும். சிறு குட்டைகள் வற்றிவிடுவதால் மிருகங்கள் ஆற்றையும் அணைக்கட்டுகளையும் தேடி வந்தே ஆக வேண்டும். முதல் முறை போகிறவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். காலைக் குளிரும் ஜூன், ஜூலை அளவுக்கு இருக்காது.

நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் மழையும். காடு பச்சைப் பசேல் என்று ஆகிவிடும். நவம்பர் கடைசியிலிருந்து இம்பாலா மான்கள் குட்டி போடத் தொடங்கும்; சாலையோரமெல்லாம் கால் தள்ளாடும் குட்டிகள். வெளியூர்ப் பறவைகளும் வந்து சேர்ந்திருக்கும். குரூகரில் 500க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன, பறவைப் பிரியர்களுக்கு இதுவே சரியான பருவம். ஆனால் உயர்ந்த புல்லுக்குள் பத்தடி தூரத்தில் சிங்கம் படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் 40 டிகிரியைத் தொடும். பலத்த மழை பெய்தால் தாழ்வான பாலங்களையும் மண் சாலைகளையும் மூடிவிடுவார்கள். கொசுவும் மலேரியா அபாயமும் கூடும்.

தென்னாப்பிரிக்கப் பள்ளி விடுமுறைகளைத் தவிருங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரங்கள் வரையிலும், ஈஸ்டர் சமயத்திலும், ஜூன்-ஜூலை விடுமுறையிலும் உள்ளூர்க் குடும்பங்கள் முகாம்களை நிரப்பிவிடும்.

இரண்டாம் படி: முகாமை முடிவு செய்து அறை பிடிப்பது

விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நல்ல முகாம்களில் ஆற்றைப் பார்த்த அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும். சான்பார்க்ஸ் இணையதளத்தில் பதினொரு மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். ரத்தாகும் அறைகள் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கும், தினமும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பூங்காவின் தென்பாதியில் மிருகங்கள் அதிகம், சாலைகளும் அதிகம், அதனால் கார்களும் அதிகம். வடபாதியில் மோபானே மரக்காடு, பெரிய தந்தமுள்ள யானைகள், அமைதி. முதல் பயணத்துக்குத் தெற்கும் நடுப்பகுதியும் போதும். ஐந்து இரவு இருந்தால் என் பரிந்துரை இது: லோவர் சபியில் இரண்டு, சதாராவில் இரண்டு, ஒலிஃபன்ட்ஸில் ஒன்று.

லோவர் சபி முகாம் சபி ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. உணவகத்தின் மரத்தளத்தில் உட்கார்ந்தபடியே நீர்யானையும் யானையும் பார்க்கலாம். முகாமை ஒட்டி சன்செட் அணை என்று ஒரு சின்ன நீர்நிலை. காரை நீர் விளிம்பு வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தலாம். நீர்யானையின் முதுகில் ஆமைகள் ஏறி வெயில் காயும், கரையில் முதலைகள் வாயைப் பிளந்து கிடக்கும், மஞ்சள் மூக்கு நாரைகள் அவற்றுக்கு நடுவிலேயே பயமில்லாமல் மீன் தேடும். லோவர் சபியிலிருந்து ஸ்குகூசா வரை ஆற்றை ஒட்டிப் போகும் எச்4-1 சாலை சிறுத்தைக்குப் பேர்போனது. சுமார் 45 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்.

சதாரா புல்வெளி நாடு. முகாமிலிருந்து ஆற்று அழகு எதுவும் தெரியாது, அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம். சிங்கத்துக்கும் சிவிங்கிப்புலிக்கும் இந்தச் சுற்றுவட்டாரத்தை விடச் சிறந்த இடம் குரூகரில் இல்லை என்பேன். எஸ்100 என்ற மண் சாலையை அதிகாலையில் முதல் ஆளாகப் பிடிக்க வேண்டும். ஒலிஃபன்ட்ஸ் முகாம் உயரமான பாறை விளிம்பில், கீழே வளைந்தோடும் ஆற்றைப் பார்த்தபடி இருக்கிறது. ஓட்டி ஓட்டிக் களைத்த பிறகு பைனாகுலரோடு உட்கார்ந்துவிட ஏற்ற இடம். அங்கிருந்து லெதாபா முகாம் பக்கம்தான். அங்குள்ள யானைக் கூடத்தில் குரூகரில் வாழ்ந்த பெரிய யானைகளின் தந்தங்களை வைத்திருக்கிறார்கள். ஷாவு என்ற யானையின் தந்தம் 3 மீட்டருக்கும் மேல் நீளம், அதன் பக்கத்தில் நின்றால்தான் அந்த அளவு புரியும்.

தலைமையகமான ஸ்குகூசாவை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. வங்கி, பெரிய கடை, விமான நிலையம் என்று வசதிக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு சிறு டவுன் அளவுக்கு நடமாட்டம். வயதானவர்களோ கைக்குழந்தையோ கூட வந்தால் அதுவே நல்லது.

அறை வகைகளைக் கவனித்துப் பாருங்கள். பொதுக் குளியலறை, பொதுச் சமையலறையோடு வரும் குடில் மலிவு. பங்களா என்று போட்டிருப்பதில் குளியலறை உண்டு, பெரும்பாலும் திண்ணையில் ஃபிரிட்ஜும் அடுப்பும் இருக்கும். நம் சாப்பாட்டுப் பழக்கத்துக்குச் சமையல் வசதியுள்ள பங்களாதான் சரி.

அறை வாடகை தவிர நாள் கட்டணம் தனி. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 500 ராண்டுக்கு மேல் ஆகிறது, சிறுவர்களுக்குப் பாதி. ஒரு ராண்டு ஏறத்தாழ 5 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் நவம்பரில் கட்டணத்தை மாற்றுவார்கள். ஐந்தாறு நாளுக்கு மேல் தங்கினால் வைல்டு கார்டு என்ற ஆண்டுச் சந்தா லாபமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். தம்பதிக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி கார்டு உண்டு.

மூன்றாம் படி: விசா, ஊசி, மாத்திரை

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். விஎஃப்எஸ் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட்டில் குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும் என்பதில் தென்னாப்பிரிக்கக் குடிவரவுத் துறை கறாராக இருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வந்தால் தாய் தந்தை இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

அடுத்து மஞ்சள் காய்ச்சல் ஊசி. நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. துபாய், தோஹா வழியாகப் போய் அதே வழியில் திரும்பினால் இந்த ஊசிக்கு வேலை இல்லை. ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. விலை குறைவு என்று அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் போடுகிறவர்கள் கவனியுங்கள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் இடைத்தங்கல் இருந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாலோ தென்னாப்பிரிக்காவில் ஊசி போட்ட சான்றிதழ் கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் நாட்டு விமான நிலையத்திலும் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்தலில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஊசி போட்டு பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கடைசி வாரத்தில் ஓடாமல் ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

மலேரியா வேறு கதை. குரூகர் மலேரியாப் பகுதிதான். குளிர்காலத்தில் அபாயம் குறைவு, மழைக்காலத்தில் கூடுதல். தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கி, வெளியே வந்த பிறகும் தொடர வேண்டிய மாத்திரைகள் அவை. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் என்றால் குளிர்காலமாகவே பார்த்துக்கொள்வது நல்லது.

நான்காம் படி: காரும் வழியும்

சென்னையிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு நேர் விமானம் இல்லை, எங்காவது மாறித்தான் போக வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து குரூகரின் தெற்கு வாயில்களுக்கு என்4 நெடுஞ்சாலையில் சுமார் 400 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு நேராக ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். ஒரு இரவு தூங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள். இருட்டில் நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம், வழிப்பறி பயம் உண்டு. ஓட்ட மனமில்லை என்றால் எம்பொம்பெலா நகருக்கு அருகிலுள்ள விமான நிலையத்துக்கோ ஸ்குகூசாவுக்கோ உள்நாட்டு விமானத்தில் போய், அங்கே கார் எடுக்கலாம்.

நம் ஊர் போலவே அங்கும் இடதுபுறப் போக்குவரத்து, வலதுபுற ஸ்டீயரிங். கை பழகியது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கி, அசல் லைசென்ஸோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். வாடகை நிறுவனங்கள் ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டில்தான் முன்பணத்தைப் பிடித்து வைக்கும். டெபிட் கார்டை நம்பிப் போய் கவுண்டரில் நின்று தவிப்பவர்கள் நிறைய.

குரூகர் சாலைகளுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையே இல்லை, சாதாரண செடான் ஓடும். இருந்தாலும் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து உயரமான வண்டியாக எடுங்கள். இருக்கை ஒரு அடி உயர்ந்தால் புல்லுக்கு மேலே பார்வை போகும், அந்த ஒரு அடியில் நீங்கள் பார்ப்பதே மாறிவிடும். மண் சாலையில் கல் தெறிக்கும் என்பதால் டயருக்கும் கண்ணாடிக்கும் சேர்த்துக் காப்பீடு போடுங்கள்.

ஐந்தாம் படி: பையில் என்ன

ஆளுக்கு ஒரு பைனாகுலர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றை நான்கு பேர் கை மாற்றிப் பார்ப்பதற்குள் சிறுத்தை இறங்கிப் போய்விடும். 8x42 அளவு கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவரும். படம் எடுப்பவர்களுக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸ் வரைக்கும் இருந்தால் நன்று. காருக்குள் முக்காலி உதவாது. ஒரு துணிப்பையைத் தைத்து எடுத்துப் போய், அங்கே ஒரு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டால் படம் ஆடாது. திரும்பும் முன் அந்த அரிசியைப் பொங்கிவிடலாம்.

மின் பிளக் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி. அங்கே பரவலாக உள்ள பெரிய மூன்று உருண்டை முனை சாக்கெட், நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்தான். சின்ன பிளக்கை அதில் பொருத்தும் மாற்றி நம் தெருவோர எலெக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்.

குளிர்காலம் என்றால் குல்லாவும் கையுறையும் தடித்த ஜாக்கெட்டும் வேண்டும். ஆப்பிரிக்காதானே என்று பருத்திச் சட்டையோடு போனவர்கள் அதிகாலைத் திறந்த வண்டியில் நடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். ட்ரோன் கூடவே கூடாது, பூங்காவுக்குள் தடை.

ஆறாம் படி: வாயிலில்

உங்கள் முகாமுக்குப் பக்கத்து வாயிலைத் தேர்ந்தெடுங்கள். லோவர் சபிக்கு என்றால் க்ரோகடைல் பிரிட்ஜ் வாயில், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பாஸ்போர்ட், பதிவுச் சீட்டு, கார் எண் எல்லாம் எழுதிக் கொடுத்துக் கட்டணம் கட்டியதும் ஒரு அனுமதிச் சீட்டு தருவார்கள். வெளியே போகும்போது அதைக் காட்ட வேண்டும், பத்திரம். மதியம் இரண்டு மணிக்கு வாயிலைத் தாண்டிவிடுவது போலத் திட்டமிடுங்கள். மாலையில் முகாம் கதவு மூடிவிடும், குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் ஆறரை. பிந்தினால் அபராதம். அதை விட, பிந்திவிடுவோமோ என்ற பயத்தில் காட்டுக்குள் வேகமாக ஓட்டுவதுதான் பெரிய தவறு. குறுக்கே வரும் மிருகம் அடிபட்டுச் சாகும்.

முகாம் கடையில் சாலை எண்களோடு அச்சிட்ட வரைபடம் கிடைக்கும். முதல் வேலையாக அதை வாங்குங்கள். முகாம்களுக்கு இடையே பல இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது. எச் என்று தொடங்குபவை பெரும்பாலும் தார்ச் சாலை, எஸ் என்றால் பெரும்பாலும் மண் சாலை.

ஏழாம் படி: மிருகத்தைத் தேடுவது

முகாம் கதவு திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வரிசையில் நில்லுங்கள். குளிர்காலத்தில் ஆறு மணி, நடுக்கோடையில் நாலரை மணி. விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு ஈடு எதுவும் இல்லை. இரவெல்லாம் நடந்த சிங்கங்களும் கழுதைப்புலிகளும் அப்போதும் சாலையிலேயே நடந்துகொண்டிருக்கும். ஒரு காபி போதும், சிற்றுண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேகம் 25, கூடினால் 30. ஒருவர் இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்த்தால் போதும். முழு மிருகத்தைத் தேடாதீர்கள், துண்டுகளைத் தேடுங்கள். செங்குத்தான மரங்களுக்கிடையே படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது ஒரு முதுகாக இருக்கலாம். நிழலில் ஏதோ துடித்தால் காது. அத்தி, மாருலா போன்ற பெரிய மரங்களின் கிடைக் கிளைகளைப் பாருங்கள். சிறுத்தையின் உடல் இலைக்குள் மறைந்தாலும் வால் கீழே தொங்கும்.

மற்ற மிருகங்களே உங்களுக்கு வழிகாட்டும். இம்பாலாக் கூட்டம் முழுவதும் மேய்ச்சலை நிறுத்திவிட்டு, காதுகளை முன்னால் நிறுத்தி, ஒரே திசையில் வெறித்துப் பார்த்தால் அந்தத் திசையில் என்னவோ இருக்கிறது. மூக்கால் வெடுக்கென்று ஒரு தும்மல் போலச் சத்தம் போட்டால் சந்தேகமே வேண்டாம். மரத்தின் மேல் குரங்குகள் விடாமல் கத்தினாலும் அப்படித்தான். மரக்கிளையில் பிணந்தின்னிக் கழுகுகள் இறங்காமல் காத்திருக்கின்றன என்றால், கீழே இரையை இன்னும் யாரோ ஆண்டுகொண்டிருக்கிறார்கள். எஞ்சினை அணையுங்கள், ஜன்னலை இறக்குங்கள், கேளுங்கள். ஏசி போட்டு ஜன்னலை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் காட்டின் பாதியை வாயிலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

சாலையில் யானைச் சாணம் கிடந்தால் கூர்ந்து பாருங்கள். ஈரமாக, ஈ மொய்த்தபடி இருந்தால் யானை இப்போதுதான் போயிருக்கிறது. மழைக்காலத்தில் அதன் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். சாணி வண்டுகள் அதற்குள் வேலையில் இருக்கும். பின்னங்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு, தலைகீழாக நடந்து சாலையைக் கடக்கும் ஒரு வண்டுக்காக ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், குழந்தைகளுக்கு அது சிங்கத்தை விட நினைவில் நிற்கும்.

ஐந்து பெரிய மிருகங்களையும் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியலோடு ஓடுகிறவர்களைத்தான் எனக்குக் கண்டால் வருத்தம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற அந்தப் பட்டியல், நடந்து போய்ச் சுடுவதற்கு ஆபத்தானவை எவை என்று வேட்டைக்காரர்கள் போட்டது. ஒட்டகச்சிவிங்கியும் காட்டுநாயும் அதில் இல்லை. குரூகரின் காட்டுநாய்கள் அருகிப்போய்க்கொண்டிருக்கும் இனம். ஒரு கூட்டத்தைப் பார்க்கக் கிடைத்தால் அதற்காகவே வந்தது போதும் என்று இருக்கும்.

பத்து மணிக்கு வெயில் ஏறியதும் பிக்னிக் இடத்துக்குப் போய்ச் சாப்பிடுங்கள். லோவர் சபி சாலையில் ன்குஹ்லு, சதாரா வழியில் ட்சொக்வானே. கேஸ் அடுப்பும் தட்டையான வாணலியும் வாடகைக்குக் கிடைக்கும். ன்குஹ்லுவில் குரங்குகள் மேசையிலிருந்தே உணவைப் பறித்துப் போகும், கண் வையுங்கள். நடுவே வேறு எங்கும் கழிவறை இருக்காது என்பதால், குழந்தைகளோடு போகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த வேலையை முடித்துக்கொண்டே நகர வேண்டும். அனுமதித்த இடங்கள் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. கூரைக் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டுவதும், ஜன்னலில் ஏறி உட்கார்வதும்கூடக் குற்றம். மிருகங்களுக்குக் கார் ஒரு பெரிய பொருள், அவ்வளவுதான். மனித உருவம் வெளியே தெரிந்த நொடியில் அந்த அமைதி கலைந்துவிடும்.

மதியத்தில் தூங்குங்கள், அல்லது நீர்நிலை ஓரம் நிழல் பார்த்து நிறுத்திக் காத்திருங்கள். மூன்று மணிக்கு மீண்டும் கிளம்பி, கதவு மூடும் முன் திரும்பிவிடுங்கள்.

யானையின் முன்னால்

இதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும். சொந்தமாக ஓட்டிப் போகிறவர்களுக்கு சிங்கத்தால் ஆபத்து வருவது அரிது, யானையால் வரலாம். குட்டிகளோடு கூட்டம் சாலையைக் கடந்தால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். கடைசி யானை போய்விட்டது என்று நகராதீர்கள், புதருக்குள் இன்னும் இரண்டு இருக்கும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி ஒருபோதும் போகக் கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பின்னால் வழி இருக்கிறதா என்று எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்.

யானை நிம்மதியாக இருக்கும்போது காதுகள் தாளம் தப்பாமல் விசிறும், வால் தளர்ந்து ஆடும். விசிறல் நின்று, காதுகள் விரிந்து, தலை உயர்ந்து உங்களையே நேராகப் பார்த்தால், அது எச்சரிக்கை. ஒரு முன்னங்காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றால் என்ன செய்வது என்று அது யோசிக்கிறது. அந்த யோசனை முடியும் முன் மெதுவாகப் பின்வாங்குங்கள். தனி ஆண் யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கருமையாக நீர் வழிந்து, பின்னங்கால்கள் சிறுநீரில் நனைந்திருந்தால் மதம் பிடித்திருக்கிறது. அதன் பாதை முழுவதையும் அதற்கே விட்டுவிடுங்கள், அரை மணி நேரம் ஆனாலும் சரி.

எட்டாம் படி: ஒரு முறையாவது ரேஞ்சருடன்

நாமே ஓட்டுவதில் இரவு கிடைக்காது. அதனால் முகாமிலேயே நடத்தும் மாலை வண்டியிலோ இரவு வண்டியிலோ ஒரு முறை போங்கள். இணையத்திலோ முகாம் வரவேற்பறையிலோ பதியலாம். இன்னொன்று காலை நடை. துப்பாக்கி ஏந்திய இரண்டு வழிகாட்டிகளோடு சிறு குழுவாக நடப்பது, 12 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும். காரில் பார்த்த அதே காடு காலால் நடக்கும்போது பெரிதாகிவிடும். தடம், எச்சம், மரப்பட்டையில் காண்டாமிருகம் உரசிய சேறு என்று ஒவ்வொன்றையும் நிறுத்திக் காட்டுவார்கள். முடிந்தால் பயணத்தின் இரண்டாம் நாளே இதைச் செய்யுங்கள், மீதி நாட்களில் உங்கள் கண்ணே மாறியிருக்கும்.

குரூகரை ஒட்டி சபி சாண்ட் போன்ற தனியார் காப்புக்காடுகள் உண்டு. நடுவே வேலி கிடையாது. வண்டியைச் சாலையை விட்டு இறக்கி சிறுத்தைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோவார்கள். பணம் இருந்தால் கடைசி இரண்டு இரவுக்கு அங்கே போகலாம். முதலிலேயே போனால், பிறகு நாமாகத் தேடுவதில் உள்ள ருசி குறைந்துவிடும்.

ஒன்பதாம் படி: சாப்பாடும் முகாம் இரவும்

முகாம் உணவகங்களில் சைவம் என்றால் பீட்சா, சிப்ஸ், சாலட் அளவில்தான். ஜோகன்னஸ்பர்க்கிலோ எம்பொம்பெலாவிலோ சூப்பர் மார்க்கெட்டில் நிறுத்தி அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழர்களும் மற்ற இந்தியர்களும் 1860 முதல் வேரூன்றிய நாடு இது, மசாலாப் பொடிக்குப் பஞ்சமில்லை. இங்கிருந்து விதை, பழம், இறைச்சி எதுவும் கொண்டுபோக வேண்டாம், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு குடிலின் வாசலிலும் கரி அடுப்பு இருக்கும். மாலையானால் முகாம் முழுக்கப் புகை மணக்கும். மக்காச்சோளமும் பனீரும் அதில் சுட்டுச் சாப்பிடலாம். ஃபிரிட்ஜுக்குப் பூட்டோ கம்பிக்கூண்டோ இருப்பது பபூன் குரங்குகளுக்காக, மறக்காமல் பூட்டுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கழுதைப்புலி வந்து நிற்கும். பாவமாக இருக்கிறதே என்று ஒரு எலும்பைக்கூட வீசாதீர்கள். மனிதரிடம் உணவு கேட்டுப் பழகிய மிருகம் துணிந்துவிடும், துணிந்த மிருகத்தைக் கடைசியில் சுட வேண்டி வரும்.

காண்டாமிருகத்தைப் பார்த்தால்

முகாம்களில் அன்றன்றைக்கு எந்த மிருகம் எங்கே தெரிந்தது என்று குறிக்கும் பலகை இருக்கும். அதில் காண்டாமிருகத்தைக் குறிக்க மாட்டார்கள். கொம்புக்காகக் கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த கள்ளவேட்டை குரூகரின் காண்டாமிருகங்களைச் சூறையாடிவிட்டது. மிஞ்சியவற்றைக் காப்பாற்ற நிறைய மிருகங்களின் கொம்பை மயக்க மருந்து கொடுத்து அறுத்துவிட்டிருக்கிறார்கள். கொம்பில்லாத முகத்தைப் பார்த்துக் குழந்தைகள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் எடுத்த படத்தில் இடக்குறிப்பு இருந்தால் நீக்கிவிடுங்கள். எந்தச் சாலை, எந்த நாள் என்று வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள், ஊருக்கு வந்த பிறகும்கூட.

பத்தாம் படி: வெளியேறும் நாள்

அறையைக் காலை பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். ஒலிஃபன்ட்ஸிலிருந்து ஃபலபோர்வா வாயில் வழியாக வெளியேறினால், பிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே தெற்கே இறங்கலாம். அங்கே ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் ஜோகன்னஸ்பர்க் போவது உடம்புக்கு நல்லது. விமானத்துக்கு அன்றே ஓட்டிப் போகும் திட்டம் வேண்டாம். பெட்ரோலைப் பெரிய முகாம்களிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், அனுமதிச் சீட்டைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வாயிலில் டிக்கியைத் திறந்து சோதிப்பார்கள், பொறுமையாகக் காட்டுங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒன்று பாக்கி. மருத்துவர் சொன்ன நாள் வரை மலேரியா மாத்திரையைத் தொடருங்கள். வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாமல், அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போய், மலேரியா உள்ள ஆப்பிரிக்கப் பகுதியிலிருந்து வந்தேன் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.